கதவோரக் கிண்ணம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. டொராண்டோ, 1976 ஜனவரி 24, சனிக்கிழமை மதியம்.

நீள மேஜை. ஒரு கோடியில் தலைவர் விட்லாக். அவருக்கு இடப்பக்கம் கிழவர்கள் ஐந்து பேர். வலப்பக்கம் என் நண்பன் தட்சிணாமூர்த்தி. கதவோரக் கடைசியில் நான். எனக்கு எதிரே காலி நாற்காலி. ஆக எட்டு பேர். இரண்டு தடவை எண்ணினேன்.

டெம்ப்ளர்கள் என்று எண்ணூறு வருஷத்துக்கு முன் துறவி வீரர்கள் இருந்தார்கள். ஜெருசலேம் யாத்ரீகர்களுக்குக் காவல். உடையில் சிலுவை, இடுப்பில் வாள். 1307-ல் பிரான்ஸ் ராஜா அவர்களை ஒரே நாளில் பிடித்துச் சிறையில் போட்டான். ஐந்து வருஷத்தில் போப் அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டார். அவர்கள் விதிப்படி தினமும் மதியம் கூடிச் சாப்பிடுகிறவர்கள்தான் இந்தக் கிழவர்கள். இவர்கள் கட்டடத்தை அளந்து வரைபடம் போட நானும் தட்சிணாமூர்த்தியும் போயிருந்தோம். பிப்ரவரி 20-ல் என் மனைவி அம்புஜம் ஊரிலிருந்து விமானம் ஏறுகிறாள். அந்தச் செலவுக்காகத்தான் சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். வெளியே பனிப்புயல். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

விதிப்படி இருவருக்கு ஒரு கிண்ணம்.

"என்னடா இது! உன் எச்சிலை நான் சாப்பிடணுமா?"

"நான் மட்டும் ஆசைப்பட்டா கேட்டேன்?" என்றான் தட்சிணாமூர்த்தி. "நேத்து என் காபியைக் குடிச்சியே, அப்ப எச்சில் தெரியலையா?"

"அண்ணாந்து குடிச்சேன்டா."

"அப்ப பட்டினி கிட. இல்லேன்னா கதவோரம் தனியா ஒரு கிண்ணம் இருக்கு பார்."

எச்சில் பயம். அவ்வளவுதான். போய் உட்கார்ந்தேன்.

12.30. மணி அடித்தது. இனி யாரும் பேசக் கூடாது. தலைவர் எழும்வரை எழவும் கூடாது. அதுவும் விதி.

12.36. பார்லிக் கஞ்சி. ஒரு கரண்டி எடுத்தேன். இரண்டு கரண்டி குறைந்தது. பிரமை என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

டொக்...

கிண்ணத்தின் அடியில் மரக்கரண்டி தட்டும் சத்தம். என் கரண்டி மேஜையில் இருந்தது.

12.41. கிண்ணத்தின் எதிர் விளிம்பு ஈரமாயிற்று. எழப் போனேன். மேஜைக்கடியில் ஒரு முழங்கால் என் முழங்காலை அழுத்தியது. ஜில்லென்று...

தட்சிணாமூர்த்தியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவர்கள் யாரும் நிமிரவில்லை.

12.47. கிண்ணம் என் பக்கம் நகர்ந்தது.

மெல்ல...

சாப்பிட்டேன்.

அது சாப்பிட்டது.

நான்...

அது...

1.05. மணி.

விட்லாக் என்னைத் தனியே அழைத்தார். "எங்களில் ஒருவர் இறந்தால், நாற்பது நாள் அவர் பங்கை ஓர் ஏழைக்கு வைப்போம். டெம்ப்ளர் வழக்கம். திங்கட்கிழமை ஆர்தர் போனார். இன்று பனியில் ஏழை எவரும் வரவில்லை. நீங்களாகப் போய் உட்கார்ந்தீர்கள். மணி அடித்துவிட்டது. எங்களால் பேச முடியவில்லை."

தெருவில் தட்சிணாமூர்த்தியைக் கேட்டேன். "என்னடா பார்த்தே?"

"கை மட்டும்தான்டா. கேக்காதே."

அன்று ராத்திரி என் அறையில் ரசம் சாதம். பாதிதான் சாப்பிட்டேன். தட்டு காலி. மறுநாளும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை விட்லாக்குக்கு டெலிபோன் செய்தேன். ஏழை சாப்பிட்டால் அது தானம், ஒன்றும் ஆகாது என்றார். போன தடவை ஓர் உறுப்பினர் இறந்தபோது, தெரியாமல் அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டவர் ஆர்தர். எவ்வளவு சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனாராம். நாற்பதாம் நாள் இறந்தாராம்.

காலண்டரில் எண்ணினேன். மார்ச் 3, புதன்கிழமை.

இன்று, ஜனவரி 28, அம்புஜத்துக்கு எழுதினேன். "டிக்கெட்டைத் தள்ளிப் போடு. மார்ச் நாலாம் தேதி போட்ட என் கடிதம் கைக்கு வந்தால் மட்டும் கிளம்பு." காரணம் எழுதவில்லை.

உறையை ஒட்ட நாக்கருகே கொண்டுபோனேன்.

பசை ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

அழுத்தி ஒட்டினேன். தெருமுனைப் பெட்டியில் போட்டேன்.