சூளையில் வைத்த நாலு இன்ஜெக்டர்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம் இது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் வாங்கினேன். பிறவியில் அது இன்ஜெக்ஷன் என்ஜின், பெட்ரோலை அளந்து பீய்ச்சும். யாரோ பழுதுபார்க்கத் தெரியாமல் அதைக் கழற்றி, ஒரு ஜீப்பின் கார்பரேட்டரை மாட்டியிருந்தான். கழற்றிய சாமான்கள் கோணிப்பையில் டிக்கியில் கிடந்தன.

கார் நன்றாகவே ஓடியது. விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போய் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்புவோம், ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. மனுஷனுக்கு அது போதாதா? எனக்குப் போதவில்லை. ஒரிஜினல் வேண்டும் என்றேன். பொம்மை செய்யும் எங்கள் செராமிக் யூனிட்டில் களிமண் கொட்டும் ஷெட்டிலேயே காரை நிறுத்தி என்ஜினைப் பிரித்தேன். இனி எதற்கு என்று கார்பரேட்டரை ஒரு வெளியூர்க்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போனது. என் மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழம களிமண் லோடு வருது. மழைல நனையக் கூடாது. அதுக்குள்ள உங்க காரு தானா வெளிய போவணும். இல்லன்னா காயலாங்கடைக்குப் போவும்."

பம்ப், பைப் எல்லாம் மாட்டிவிட்டேன். இன்ஜெக்டர் நாலும்தான் பாக்கி. பிசின் கட்டி அடைத்திருந்தன. வேப்பூரில் லாரி இன்ஜெக்டர் பார்க்கிறவரிடம் போனில் கேட்டேன். "கொண்டாங்கண்ணே, ரெண்டு நாளு ஆவும்" என்றார்.

ரெண்டு நாளா? எனக்குத் தெரியாத வேலையா? எங்கள் சூளையின் பர்னர் முனை அடைத்துக்கொண்டால், ஆறிவரும் சூளையிலேயே அதை வைத்துவிடுவோம். கரி எரிந்து உதிர்ந்துவிடும். பீய்ச்சுகிற முனை எல்லாம் ஒன்றுதானே என்று நாலையும் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பொம்மைகள் அழகாக வந்தன. இன்ஜெக்டர்களை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். செருமல்கூட இல்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வேப்பூர் போனேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாண்ணே பண்ணீங்க இத?"

"லேசா சூடு காட்டுனேன்."

"எதுல?"

"சூளைல."

"கத்திரிக்காயச் சுட்டாலாவது தொவையல் அரைக்கலாம்ணே. ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. ஊசி ஒட்டிக்கிச்சு."

"வேற எங்க கெடைக்கும்?"

"பிரான்ஸ்ல கேட்டுப் பாருங்க."

அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் என்ன தப்பு செய்தார் என்று பஸ்ஸில் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. களிமண் லாரி வந்து நின்றது. காயலாங்கடைக்காரரும் வந்துவிட்டார். நான் ஸ்டியரிங் பக்கம் போனேன்.

"நீங்க தொட்டது போதும். பின்னால போயித் தள்ளுங்க" என்று என் மனைவியே ஏறி உட்கார்ந்தாள். நானும் லாரி டிரைவரும் தள்ளினோம்.

"ஓடுமாம்மா?" என்றார் காயலாங்கடைக்காரர்.

"போன மாசம் வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துது. இவரு சரி பண்ணாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. பானட்டைத் தூக்கி, "பாருங்க, பம்ப்பு ஒரிஜினலு" என்று காட்டினேன்.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் எடைக்குத்தாங்க" என்றார்.