வெள்ளிக்கிழமை மட்டும் பூட்டிய அறை

மருதமுனையில் வீடு என்றால் அது பெண்ணின் வீடு. ஆதம்பாவா தறியடித்துச் சேர்த்த காசில் மகள் றஹீமாவுக்கு மூன்றறை வீடு கட்டி, உறுதிப் பத்திரத்தையும் அவள் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளையாக வந்த ஷரிபுதீன் ஒரு தகரப் பெட்டியும் நாலைந்து தூரிகைகளும் கொண்டுவந்தார். கடைகளுக்குப் பெயர்ப் போட் எழுதுகிறவர். வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை பெய்யும்.

ஒன்பது வருடம் இந்த மனிதரோடு ஒரு மகளையும் பெற்று றஹீமா நிம்மதியாகத்தான் குடும்பம் நடத்தினாள். எண்பத்தோராம் ஆண்டு நோன்பு கழிந்த பிறகுதான் சந்தேகம் தொடங்கியது. கல்முனையிலிருந்து நல்லரெத்தினம் என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர் வந்தார். இருவரும் உள்ளறையில் குசுகுசுத்தார்கள். போகும்போது எஞ்சினியர் ஏதோ ஒன்றைப் பொத்திப் பொத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை காலையானால் ஷரிபுதீன் உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார், ஜன்னலையும் சாத்திவிடுவார். ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது அறையைப் பூட்டித் திறப்பையும் கையோடு கொண்டுபோவார்.

"உள்ளுக்கு என்னதான் செய்யிறீங்க?"

"எஞ்சினியர்ர பழைய காருக்கு ஒட்டுற படம் அடிக்கிறன். முந்தி இருந்தது தேஞ்சு போச்சு. கதவைத் திறந்தா தூசி படும்."

தூசியாம்! ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டிப் பெருக்குகிற வீட்டில் ஏது தூசி? காருக்குப் பெயின்ற் அடிப்பார்கள், படம் ஒட்டுவார்களா? பக்கத்து வீட்டு றாபியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எண்ணெய் ஊற்றினாள்.

"தூசிக்குத்தான் பூட்டுறார் எண்டா ஏன்கா வெள்ளிக்கிழமையில மட்டும் செய்யிறார்? சனிக்கிழமை செய்தா ஆகாதா?"

றஹீமா அடுப்படிக்குத் திரும்பினாள். அன்றிரவு கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

நாலாவது வெள்ளி, ஷரிபுதீன் அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். கழற்றிப் போட்ட சட்டைப் பையில் திறப்பு கிடந்தது. றஹீமா அறையைத் திறந்தாள். கயிறு நிறையக் கடதாசிகள் தொங்கின. ஒவ்வொரு தாளிலும் ஒரே அளவில் பன்னிரண்டு படம். வால் தூக்கிய சிங்கம், சுற்றிவர வளைந்த கோடுகள், இங்கிலீசு எழுத்து, அடியில் 1 3 4 2 என்று இலக்கம். மேசையில் துணி இழுத்துக் கட்டிய அச்சுச் சட்டங்கள், வார்னிஷ் தகரங்கள், மஞ்சள் பிடித்த பழைய துண்டு ஒன்று, அதே சிங்கத்தோடு.

அவளுக்கு இங்கிலீசு தெரியாது. சிங்கமும் இலக்கமும் வரிவரியாக அச்சடித்த தாள் என்றால் கள்ள நோட்டுத்தான் என்று தெரிந்தது. பொலிசு வரும், வீட்டுக்குச் சீல் வைக்கும். நாளைக்கு மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீடு! எரித்தால் புகையைக் கண்டு றாபியா ஓடி வருவாள். றஹீமா அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்க் கிணற்றடித் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள். மேசையில் இருந்த துண்டையும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிங்கங்கள் கடதாசியை விட்டுக் கழன்று மிதக்கத் தொடங்கின. ஒன்று அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. நோட்டு இப்படிக் கழலுமா? அவள் திகைத்து நிற்கும்போதே ஷரிபுதீன் வந்துவிட்டார்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியடியில் குந்தினார். பழைய துண்டைத் தண்ணீருக்குள் தேடினார். அது கரைந்து நார்நாராகப் போயிருந்தது.

"முப்பது வருசத்துக்கு முந்தினது. எஞ்சின் மூடியில இருந்து உரிச்செடுத்தது. அந்த இலக்கம் எஞ்சின் சிலிண்டர் வெடிக்கிற வரிசை. இதப் பாத்துத்தான் வரையிறன். வேற இல்ல."

பிறகு அவளை ஜன்னலடிக்குக் கூட்டிப்போய் வெளிக்கட்டில் விரலால் இழுத்துக் காட்டினார். விரலில் வெள்ளையாகப் பஞ்சு.

"இந்தத் தெருவில பதினாலு தறி. நனைச்சுக் கழட்டி ஒட்டுற படம் இது, ஈர வார்னிசில ஒரு நூல் பட்டாலும் வீண். தறியெல்லாம் நிக்கிறது வெள்ளிக்கிழமை மட்டுந்தானே புள்ள."

பிறந்ததிலிருந்து அந்தப் பஞ்சுக்குள்ளேயே மூச்சு விட்டவள் றஹீமா. அதைத் தூசி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த சிங்கத்தை முந்தானையால் மறைத்தாள்.

"நீ என்னெண்டு நினைச்ச?"

"கள்ள நோட்டு எண்டு... பொலிசு வந்தா என்ட வூடு..."

"ஓம்," என்றார் ஷரிபுதீன். "உன்ட வூடுதான்."

சட்டங்களையும் வார்னிஷ் தகரங்களையும் சைக்கிளில் கட்டி நல்லரெத்தினத்தின் கார்க் கொட்டகைக்குக் கொண்டுபோனார். திரும்பி வருவாரோ என்று றஹீமா பதைபதைத்தாள். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வந்தார். வாசலில் நின்று ஸலாம் சொன்னார். அவள் ஓடிவந்து பதில் சொன்னாள். அப்போதும் அவர் படியேறவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

"உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டார்.