கதவு திறக்கும் முன் முடிந்த கதை

சாந்தம்மாள் என் தம்பி பெண்டாட்டி. கூடப் பிறந்த தம்பி இல்லை. தேவாரம் ஊரில் வாக்கப்பட்ட என் சித்தியின் கடைசி மகன் சோலை, அவனுக்குக் கட்டியவள். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரையும் கேரள மலையில் இருக்கும் சக்குபள்ளத்துக்குக் கூட்டி வந்து, நான் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில் பெயர் கொடுத்து, தொழிலாளர் லயத்தில் கடைசி வீட்டைக் கேட்டு வாங்கிக் குடிவைத்தது நான்தான்.

மகன் சதீஷ் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சோலை ஒரு காண்ட்ராக்ட்காரரோடு ரோடு வேலைக்கு அந்தமானுக்குக் கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் கடைப் போனில் கூப்பிட்டுப் பேசினான். பிறகு பேச்சு இல்லை. கூடப் போனவர்களில் பாதிப் பேர் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கேட்டால், அவன் வேறு தீவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். எந்தத் தீவு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சாந்தம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. மழையில் காய் எடுத்தாள், மகனை வளர்த்தாள், அவனுக்கு மலைக்குக் கீழே கம்பத்தில் ஒரு டயர் கடை வைத்துக் கொடுத்தாள். ஒன்றில் மட்டும் பிடிவாதம். குழாய்க்குப் பக்கத்தில் நல்ல வீடு ஒன்று காலியானபோது மாற மாட்டேன் என்றுவிட்டாள்.

"அந்த ஆளு இந்த வாசல்லருந்துதான போனாரு மதினி" என்றாள்.

போன வருஷம் வயதுக் கணக்கில் அவளுக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்பே முடிந்துவிட்டது, ஆனால் வீடு மகன் பெயரில் இருப்பதால் தினக்கூலிக்குக் காய் பிரித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். சதீஷ் ஜீப்போடு வந்து நின்றான். அப்போதுதான் காய் உலர்த்தும் ஸ்டோரில் நாங்கள் வாசித்துக் கேட்கும் கப்பல் கதை பாதி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. உலர்ந்த காயைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தரம் பிரிப்போம். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். ஒருத்தி மட்டும் காயைத் தொட மாட்டாள், புத்தகம் வாசிப்பாள். அவளுக்கு விழுந்த குவியலை மற்றவர்கள் கைக்குக் கை அள்ளிப் போட்டுப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். வாசிக்கிறவள் என் அக்கா மருமகள் ஆனந்தி. புத்தகம் ஊர் நூலகமான வாயனசாலையில் தமிழுக்கென்று வைத்திருக்கும் ஒற்றை அலமாரியிலிருந்து வரும். சூப்பர்வைசர் சுவக்கீன் மலையாளத்துக்காரர், ஒன்றும் சொல்ல மாட்டார். வாய் ஓய்ந்தால் கை ஓடும் என்று அவருக்குத் தெரியும். வாசற்படியில் நின்று அவரும் கேட்பார்.

அந்தக் கதை வெளிநாட்டுக் கதை. கதாநாயகன் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. கப்பலான் என்று வைத்துக்கொண்டோம். புயல், திமிங்கலம், ஆள் இல்லாத தீவு, குகைக்குள் தங்கம் என்று அவன் படாத பாடு இல்லை. கரையில் அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள்.

"கத முடியட்டும்டா, வந்துர்றேன்" என்று சாந்தம்மாள் மகனிடம் சொன்னாள்.

"ஏம்மா, கதைக்காகவா வண்டிய நிப்பாட்டுறது? முடிவு என்னான்னு ஆனந்தி மயினிய இப்பவே சொல்லச் சொல்லு."

"நான் பாக்கலைப்பா" என்று ஆனந்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

சதீஷ் வெறும் ஜீப்போடு திரும்பிப் போனான், சாந்தம்மாளும் என்னைப் போலத் தினக்கூலிக்கு வந்து உட்கார்ந்தாள். அன்று முதல் ஆனந்தியின் வாசிப்பு மெதுவாகிப் போனது. ஒரு பக்கம் வாசிப்பாள், இருமுவாள், தண்ணீர் குடிப்பாள். நேற்று வாசித்ததையே திரும்ப வாசிப்பாள். சாந்தம்மாள் போவது தள்ளிப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்களோடு காய் பிரிக்கும் ஒச்சம்மாள் மட்டும் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இந்தக் கப்பலு காத்துல போகுதா, இல்ல கழுத வண்டில போகுதா?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளிவிட்டாள்.

எவ்வளவு இழுத்தாலும் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டுதானே. தங்கம் எல்லாம் கடலோடு போய்விட்டது. கப்பலான் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தான். சந்தில் ஏறினான். அதே வீடு. சன்னலில் விளக்கு எரிந்தது. கதவில் கை வைத்தான். முற்றும்.

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"ஒரு காச மடியில முடிஞ்சிட்டு வந்திருக்கலாம், கூறுகெட்ட பய. ஆனாலும் வந்துட்டான்ல, அது போதும்" என்றாள் ஒச்சம்மாள்.

சாந்தம்மாள் கையில் இருந்த காயைக் கீழே போடவில்லை. "யாரு தொறந்தா?" என்றாள்.

"அதோட முடிஞ்சிருச்சு அத்த."

"கதவு தொறக்காம எப்பிடிடீ முடியும்? அடுத்த பக்கத்தப் பாரு."

ஆனந்தி புரட்டிக் காட்டினாள். புத்தகம் போட்டவர்களுடைய விலாசம்தான் இருந்தது.

"எல்லாம் நன்னாயிட்டு முடிஞ்சல்லோ சேச்சி" என்றார் வாசலிலிருந்து சுவக்கீன். "ஆளு வந்நு. அது மதி, அது போதும்."

"அவ அதே வீட்லயே இருந்தா, சரி. வேற வீட்டுக்குப் போயிருந்தா இவன் என்ன செஞ்சிருப்பான்? எழுதுனவரு அதச் சொல்லலையே" என்றாள் சாந்தம்மாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒச்சம்மாள்தான் துணிந்து பேசினாள். "ஏன், விசாரிச்சிட்டு வர மாட்டானா? ஏழு கடலத் தாண்டி வந்தவனுக்குக் கம்பம்மெட்டு மலையத் தாண்டத் தெரியாதாக்கும்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?"

சிரித்தோம். சாந்தம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "யார்கிட்ட விசாரிப்பான்? நம்ம எல்லாரும் ஒவ்வொருத்தரா எறங்கிருவோம். இனி அந்த வீட்டுக்கு வரப்போறது ஜார்க்கண்டுப் பிள்ளைக. அதுகளுக்கு என்னயத் தெரியுமா, அவரத்தான் தெரியுமா?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

"எத்தன நாளைக்கு மதினி?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. என் வயது எனக்குத் தெரியாதா.

மறுநாள் சதீஷ் திரும்ப வந்து சாமான்களை ஜீப்பில் ஏற்றினான். அந்த வீட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் பூல்மணி. இடுப்பில் குழந்தை, பக்கத்தில் புருஷன். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. சாந்தம்மாள் வண்டியில் ஏறாமல் அவளைப் படியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"சொல்லு. சாந்தம்மா."

"சாந்தம்மா."

"கம்பம். சதீசு. டயர் கடை."

"கம்பம். சதீசு. டயர் கடா."

"கடா இல்ல தாயி, கடை."

சதீஷ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "யம்மா, அந்தப் பிள்ள பள்ளிக்கூடம் சேந்த மாதிரில்ல முழிக்குது. போதும், ஏறு." சொன்னானே தவிர ஆரன் அடிக்கவில்லை. சோலை அவனுக்கும் அப்பா இல்லையா.

கடைசியாக சாந்தம்மாள் செம்பை எடுத்து நீட்டிக் காட்டினாள். யார் வந்து கேட்டாலும் முதலில் தண்ணீர் கொடு, பிறகு சொல் என்று சைகை செய்தாள். பூல்மணி தலையாட்டினாள். ஜீப் இறங்கிப் போனது. நான் லயத்து முனை வரைக்கும்தான் போனேன். அதற்கு மேல் என் முட்டி விடவில்லை.

பூல்மணி தங்கமான பிள்ளை. பாடத்தை மறக்கவில்லை. மீட்டர் பார்க்க வந்தவருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, "சாந்தம்மா, கம்பம், சதீசு, டயர் கடை" என்றாளாம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கும் அதேதான். தலை நரைத்த ஆண் ஒருவர் வழி தவறி அந்தப் பக்கம் வந்தபோது, கையைப் பிடித்து உட்காரவே வைத்துவிட்டாள். நான் முட்டி வலியோடு ஓடிப் போய் முகத்தைப் பார்த்தேன். அவர் பக்கத்து ஊர் அணைக்கரைக்காரர், பன்றி வாங்க வந்தவர்.

சாந்தம்மாள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அவன் வந்தானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது என்ன கதை ஓடுகிறது, மழை உண்டா, என் முட்டி எப்படி என்று கேட்பாள். போன வாரம் அவளே ஒன்று சொன்னாள். டயர் கடைத் தெருப் பெண்களுக்குச் சாயந்தரம் அந்தக் கப்பல் கதையைச் சொல்கிறாளாம்.

"கதவோட முடிச்சா அவளுகளும் விட மாட்டேங்குறாளுக மதினி. அதான் நானே மேல சொல்றேன். கதவு தொறந்துச்சு. தெரியாத பிள்ள ஒண்ணு நின்னுச்சு. தண்ணி குடுத்துச்சு. இன்ன ஊரு, இன்ன கடைன்னு சொல்லுச்சு. அவன் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டான்."

"வந்து சேந்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வருவான் மதினி. எறக்கத்துல வண்டி மெதுவாத்தான வரும்" என்றாள்.