என் மகனுக்குப் போடவிருந்த கால்கட்டு

எங்கள் தீவில், ரிவியேர் டு ராம்பார் என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாய் ஒரு துண்டுக் கரும்பு நிலம் இருந்தது. மூத்த மகனுக்குப் பதினேழு வயது. கரும்பு வெட்டும்போது ஒருநாள் கத்தியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். ரத்தம் கொட்டியது. அவனோ அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கிட்டே போனேன். கஞ்சா வாடை.

என் வீட்டுக்காரர் மாட்டுச் சாட்டையை எடுத்தார். புண்ணோடு கிடந்தவனை அடித்தார். ஏன் பிடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய அக்காள் வந்து, "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் வாய் திறக்க மாட்டோம். எவர் வீட்டுப் பெண்ணோ வந்து இவனைத் திருத்த வேண்டுமாம்!

நாத்தனார் ஏற்பாட்டில் வக்குவா ஊரிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தாய், "தம்பிக்குக் கால்ல என்ன?" என்று கேட்டாள்.

"கரும்புக் கட்டை குத்திடுச்சு" என்றாள் நாத்தனார்.

"இல்லம்மா" என்றேன் நான். "கஞ்சா பிடிச்சிட்டு வெட்டிக்கிட்டான். தெரிஞ்சே உங்க பொண்ண இங்க தள்ள எனக்கு மனசு வரல."

தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள். வீட்டுக்காரர் கை ஓங்கினார்.

"அடிங்க. அவனை அடிச்சு என்னத்தக் கண்டீங்க?" என்றேன். கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் சீறினான். "என் மானத்த வாங்கிட்டியேம்மா!"

"ஆமாடா, வாங்கினேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. சொல்லு, அந்தக் கஞ்சா உனக்கு என்னதான் குடுக்குது?"

காலில் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டான். "வெயில் தெரியாது. அப்பா ஏசுறது காதுல விழாது."

"வெயில் தெரியாதவனுக்குக் கத்தியும் தெரியாது. எலும்பு தெரிஞ்சுதுடா. நீ சிரிச்ச."

அவன் முகம் கோணிற்று. "வேற யாரோட காலோன்னு இருந்துச்சும்மா" என்றான். பிறகு அழுதான். நானும்தான்.

அன்றைக்கே அவன் விட்டுவிடவில்லை. ஆனால் பிடித்த நாளில் என்னிடம் மறைக்கவும் இல்லை. அந்த நாட்களில் கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தழை பொறுக்க அனுப்புவேன். திட்டிக்கொண்டேதான் அனுப்புவேன். வரவரக் குறைந்தது. அடுத்த வெட்டுக் காலம் வருவதற்குள் நின்றே போனது.

நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தவள் என்று நாத்தனார் சாகும்வரை என்னை ஏசினாள். அதுகூடப் போகட்டும். "நான் போட்ட அடியிலதான் பய திருந்தினான்" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.