கனாக்காரியின் ஜோடி

பேய், பிசாசு, கனவு பலிப்பது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விடும் ரகம். பயத்தினால் அல்ல, வேறு வேலை இல்லையா இவர்களுக்கு என்ற எரிச்சலில்தான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஜோடி சேர்ப்பது என் வேலை. வெட்டி வரும் தோல் துண்டுகளில் இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒன்றாக இருக்கிறதா, வரி ஒன்றாக ஓடுகிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் இரண்டையும் திருப்பிப் பின்பக்கம் சில்வர் பேனாவால் ஒரு சுழி போட வேண்டும். ஒற்றையாக ஒரு துண்டைக்கூட அனுப்பக் கூடாது. அந்த சில்வர் மை சூடு பட்டால் மறைந்துவிடும். கடைசியில் இஸ்திரி போடும்போது ஒரு கோடும் மிஞ்சாது.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம். அந்தக் கூச்சத்தில்தானோ என்னவோ, வேஸ்ட் கறுப்புத் தோலில் அதே சில்வர் பேனாவால் படம் வரைய ஆரம்பித்தேன். போனில் படக்கதை போடுகிற ஒரு தளத்தில் வேறு பெயரில் போட்டேன். கதையின் பெயர் கனாக்காரி. அவள் ஊர் ஊராகப் போவாள். பாட்டு வராத பாடகன், கை ஓடாத தச்சன் என்று திணறிக்கொண்டிருப்பவர்களின் தூக்கத்தில் வந்து ஒரு கனவைக் கொடுப்பாள், விழித்தால் அவர்களுக்கு எல்லாம் வந்துவிடும். கூலியாக அவர்கள் நேசிக்கிற ஒருவரின் முகத்தை நினைவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கனவில் வந்ததை அழித்தால் முகம் திரும்பி வரும். தச்சன் தான் செதுக்கிய சிலையை உடைத்துத்தான் பெண்டாட்டி முகத்தை மீட்டான். இந்த விதியெல்லாம் நானே கதைக்காகக் கட்டியது, சத்தியமாக வேறு எங்கேயும் படித்தது இல்லை.

கனாக்காரியின் முகத்தை மட்டும் நான் வரைந்ததே இல்லை, திரும்பி நிற்பாள், அல்லது கூந்தல் மறைக்கும். கடைசிப் பகுதியில் முகத்தைக் காட்டுகிறேன் என்று படிப்பவர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் ஆகியும் அந்த முகம் எனக்கு வரவில்லை.

அன்று சனிக்கிழமை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ப்ரீத்தி ஐந்து மாதம் கழித்து சாயங்கால ரயிலில் வருகிறாள். அவள் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜையில் தலை வைத்தேன், கண் சொக்கிவிட்டது.

கனவிலும் அதே மேஜைதான். எதிரே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கை இரண்டு கறுப்புத் தோல் துண்டுகளை என் முன்னால் தள்ளியது.

"ஜோடி சரியா பாரு."

நிறம் ஒன்று, வரி ஒன்று. பதினெட்டு வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை. திருப்பிப் போட்டு இரண்டிலும் சுழி போட்டேன்.

"இன்னா கலா, பெல்லு அட்ச்சி அஞ்சு நிமிசம் ஆவுது! சூப்ரவைசர் வந்தா பேஜாராயிடும்" என்று பக்கத்து மேஜை நசீமா உலுக்கினாள். விழித்தபோது கடைசிப் பகுதி முழுவதும் என் தலைக்குள் இருந்தது.

நான்கு மணிக்கு பெர்மிஷன் போட்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு துண்டுத் தோலில், இளம் கனாக்காரியின் முகம் ஒன்று, வயதான கனாக்காரியின் முகம் ஒன்று வரைந்தேன். கை தானாக ஓடியது என்றால் நம்ப மாட்டீர்கள். இவ்வளவு நன்றாக நான் வரைந்ததே இல்லை. அந்தப் பெருமையோடு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ரயில் வந்து நின்றது, கூட்டம் இறங்கியது, நான் ப்ரீத்தியைத் தேடினேன். அப்போதுதான் உறைத்தது, எதைத் தேடுவது? அவள் பெயர் தெரியும், அவளுக்கு ரசத்தில் பூண்டு பிடிக்காது என்று தெரியும், முகம் மட்டும் இல்லை. அந்த இடம் துடைத்துவிட்டது போல இருந்தது. போனைத் திறந்தேன். முகப்புப் படத்தில் என் நீலப் புடவை தெரிந்தது, அந்தத் தோளில் யாரோ ஒரு பெண் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனை அணைத்துவிட்டு மறுபடியும் கூட்டத்தைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, என்னப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கினே? கோவமா?"

குரல் என் மகளுடையது. பையோடு நின்றவள் யாரோ.

"கண்ணு சரியா தெரியல" என்றேன். ஷேர் ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். இனி வாழ்நாள் முழுக்கக் குரலை வைத்துத்தான் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் முகம் கழுவப் போனதும் எனக்கு அந்தத் தச்சன் ஞாபகம் வந்தான். இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்து, முதல் துண்டைப் போட்டு அழுத்தினேன். இளம் கனாக்காரி கோடு கோடாக மறைந்து, வெறும் தோல் ஆனாள்.

"தோலு வாசன வருது, இன்னாத்த இஸ்திரி போடுறே?"

திரும்பினேன். உதட்டுக்கு மேல் மச்சம், அவள் அப்பாவின் நெற்றி. என் ப்ரீத்தி. கட்டிக்கொண்டு அழுதேன். "ஏம்மா, அஞ்சு மாசத்துக்கே இப்டியா?" என்று அவளும் அழுதாள்.

இரண்டாவது துண்டையும் அழித்துவிட வேண்டும் என்று பெட்டியை வைத்தேன். கோடு போகவில்லை. அதே பேனா, அதே மை, சூட்டைக் கூட்டியும் போகவில்லை. பின்பக்கம் தேய்க்கலாம் என்று திருப்பினேன். அங்கே ஒரு சில்வர் சுழி, என் கையால் போடுகிற அதே சுழி. வீட்டில் நான் எந்தத் துண்டின் பின்னாலும் சுழி போடவில்லை. கனவில்தான் போட்டேன். அப்போதுதான் புரிந்தது, நான் சரி பார்த்துக் கொடுத்தது ஒரு முகத்தை அல்ல, ஜோடியை.

அப்படியானால் இன்னொன்று யாருடையது? நசீமா, என் அண்ணன், ஃபிரேமுக்குள் இருக்கும் என் வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், எல்லாம் இருந்தன.

ப்ரீத்தி அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏம்மா இத்தப் போயி அழிக்கிறே? ஜோரா இருக்குது. அப்டியே உன்னையே வரஞ்சிருக்கியே!"

நான் சிரித்து வைத்தேன். பிறகு குழாயடியில் மாட்டியிருக்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தோலில் இருந்த அதே பெண் கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியவில்லை.

கடைசிப் பகுதியை நான் போடவே இல்லை. அந்தத் துண்டைக் கம்பெனி ஹீட்டர் அடியில்கூட வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு கோடும் மங்கவில்லை. கண் டாக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்கிறார். அடையாள அட்டையில் இருக்கும் பெண்ணைக் காட்டித்தான் தினமும் கம்பெனி கேட்டுக்குள் போகிறேன், வாட்ச்மேன் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சம் என்று சொன்னேன் அல்லவா? தினமும் காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் அந்தப் பெண் வந்து நிற்கிறாள். நான்தான் முதலில் பார்வையைத் தாழ்த்துகிறேன். அப்போது அவளும் தாழ்த்துகிறாளா என்று பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.