அதே குரலில் பேசுங்கள்

பல வருடங்கள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். ஒருநாள் நிர்வாகம் அவருடைய குரலை முழுக்கப் பதிவு செய்துகொண்டு, இனி நீங்கள் வர வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தூக்கமின்றித் தவித்த தம்பிக்கு ஹிப்னோதெரபி எனும் அறிதுயில் சிகிச்சை கைகொடுத்ததைப் பார்த்தவர், இது என்னதான் வித்தை என்று அறியும் ஆவலில் பயிற்சிக்குப் போனார். முடித்ததும் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் அறை பிடித்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய் தன் மகளை அங்கே அழைத்து வந்தார். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பெண். கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. இதனால் ஆட்டிசம் போய்விடுமா என்று தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். போகாது, அது அவளுடைய இயல்பு, பயத்தைக் கொஞ்சம் குறைக்க முயலலாம், அதுவும் பலிக்காமல் போகலாம் என்று இவர் பூசி மெழுகாமல் சொன்னார்.

பயிற்சியில் கற்றபடி குரலைப் பஞ்சுபோல் ஆக்கி, கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நான் நாற்காலியில இருக்கேன்" என்றாள் சிறுமி.

மேகத்தைச் சொன்னார். மேகத்தில் படுத்தால் விழுந்துவிடுவோம் என்றாள்.

அடுத்த வாரம் அவள் உட்காரவே இல்லை. கதவருகே நின்று அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க ஸ்டேஷன்ல இருக்கீங்களே. இங்க எப்படி வந்தீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்குத் தினமும் ரயிலில் போகிறவளாம். குரல் பதிவு பற்றி விளக்கினார். சிறுமி யோசித்தாள்.

"அப்போ இங்க ஏன் வேற மாதிரி பேசுறீங்க? அதே மாதிரி பேசுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கினார். சிறுமி தானாக வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த நிலையம் தோள், அதற்கடுத்தது கழுத்து என்று அறிவித்துக்கொண்டே போனார். காது நிலையத்தில் ஒரு கிறீச் சத்தம் கேட்கும், பிறகு ரயில் நகர்ந்துவிடும் என்றார். அவள் தோள்கள் தளர்ந்தன. பல வாரங்கள் அதே பாதையில் போய் வந்தார்கள்.

முடிவெட்டும் கடைக்கு மூவரும் போனார்கள். கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். சிறுமி கண்ணை மூடி நிலையங்களைத் தானே முணுமுணுக்க, இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் கத்தரி வந்ததும் கையைத் தூக்கினாள்.

"இன்னைக்குப் போதும்."

தாயின் முகம் வாடியது. இன்னும் கொஞ்சம்தானே, பிடித்து உட்கார வைத்தால் ஆகிவிடாதா என்றார்.

"வேண்டாங்க" என்றார் இவர். "முன்னாடியெல்லாம் அலறுவா. இன்னைக்குப் போதும்னு வாயால சொல்லியிருக்கா."

தாய் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அரைகுறைத் தலையோடு சிறுமி பள்ளிக்குப் போனாள். கேட்டவர்களிடமெல்லாம், மீதி அடுத்த வாரம் என்று அசராமல் சொன்னாள். சொன்னபடியே போய் வெட்டிக்கொண்டாள்.

அந்த நாற்காலியில் நடந்தது நிஜமாகவே அறிதுயில்தானா, அல்லது பழகிய குரல்மேல் வந்த நம்பிக்கையா? இந்தக் கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. கடைசியில் அவளிடமே கேட்டார்.

"அப்போல்லாம் நீ தூங்கிடுவியாம்மா?"

"இல்ல, கேட்டுட்டு இருப்பேன். நீங்கதான் கண்ணை மூடிக்குவீங்க."

தனக்கு அப்படியொரு பழக்கம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.