அரைப்பேருக்கு அரைப் பொதி

நிவாரணச் சாமான் சேர்ப்பது லேசு. அதை வாங்க வைப்பதுதான் வேலை. இந்த வேலையில் அல்லாடுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனைவி காலமான பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மஸ்கெலியாக் கடைக்காரர்கள் தரும் அரிசி, கோதுமை மா, பருப்பைப் பொதி கட்டித் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொடுக்கும் சங்கத்தில் சேர்ந்தேன். கூட்டாளி மேரி டீச்சர், ஓய்வு பெற்றவர்.

பக்கத்துக் காம்பரா

முதல் நாள் ஒரு லயத்துக்கு, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புக்கு, பெயர் எழுதப் போனோம். "எங்களுக்கு வேணாங்க, பக்கத்துக் காம்பராவுலதான் கஷ்டம்" என்றார்கள் எல்லோரும். கடைசிக் காம்பராக்காரர் முதல் காம்பராவைக் கைகாட்டினார்.

எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொன்ன ஒரே பெயர் பாக்கியம். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். வெளிநாடு போன மகளிடமிருந்து மாதக் கணக்கில் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேத்திகள் வெறும் தேத்தண்ணீரோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். நாங்கள் போனதும் வாசலை மறித்து நின்றார்.

"எங்க அடுப்பப் பத்தி ஊருக்கு என்னாங்க கவல?"

நடந்து வந்த பொதி

அடுத்த வாரம் ஒரு பொதியைச் சத்தமில்லாமல் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய மூளைக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு. மறுநாள் அதைத் தலையில் சுமந்து, நடந்தே நாங்கள் பொதி கட்டும் மண்டபத்துக்கு வந்துவிட்டார் பாக்கியம். முடிச்சுகூட அவிழவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கப்பிள்ளை ஒரு 'பேர்' போடுவார், அதுதான் கூலிக் கணக்கு. வேலை குறைந்தால் அரைப்பேர். டீச்சர் எவ்வளவோ கெஞ்சியும் பாக்கியம் அதிலேயே நின்றார்.

"முப்பது வருசம் கொழுந்தெடுத்தவ டீச்சர் நான். வேலைக்கு வராதவளுக்கு எந்தக் கணக்கப்பிள்ள பேரு போடுவாரு?"

சவர்க்காரமும் கத்தியும்

"அப்ப வேலைக்கு வாங்க" என்றேன். பருப்பு மூட்டையில் கல் பொறுக்க ஆள் தேவைதான். டீச்சருக்குக் கண் சரியாகத் தெரியாது, எனக்குப் பொறுமை கிடையாது. மறுநாள் வந்தார். பேத்திகள் பள்ளிவிட்டு வருவார்கள் என்று மத்தியானமே எழுந்தார். முழுப் பொதியை நீட்டினேன். அதைப் பிரித்து அரிசி, மா, பருப்பு எல்லாவற்றிலும் பாதியை என் பக்கம் தள்ளினார். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி ஒன்றே ஒன்று இருந்தது. அதை வெட்டக் கத்தி கேட்டார். "கத்தி எதுக்கு?" என்றேன்.

"அரை நாளுக்கு அரைப்பேருங்க. இதுகூடத் தெரியாதவர யாரு இங்க வேலைக்குப் போட்டது?"

முழுப்பேர்

மூன்று வயிற்றுக்கு அரைப் பொதி எத்தனை நாளைக்கு? டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார்: பள்ளிவிட்டுப் பேத்திகள் நேரே மண்டபத்துக்கு வரட்டும், வேலை செய்கிற எங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், பாக்கியமும் முழு நாள் இருக்கலாம். அடுத்த முறை சின்னவள் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கினாள். பாக்கியம் பொழுது சாயும்வரை கல் பொறுக்கினார். முழுப் பொதியைக் கொடுத்துவிட்டு, மறுபடி கத்தி கேட்பாரோ என்று ஒதுங்கி நின்றேன். பொதிக்குள் கைவிட்டுத் துழாவினார். முகம் சுருங்கியது.

"என்னாங்கண்ணே, முழு நாளும் வேல வாங்கிட்டு நெத்தலிக் கருவாடு வைக்கலையே! புள்ளைங்க ரொட்டிய எதோட திங்கும்?"

கொடுத்ததில் குறை சொல்லி ஒருவர் வாங்கிப் போனால் நம் வேலை உருப்படியாக நடக்கிறது என்று அர்த்தம், ஆனால் அன்றிலிருந்து நானும் டீச்சரும் கடை கடையாக நெத்தலி கேட்டு அலைகிறோம்.